கொமட் சீட் மாற்றுகிறீர்களா? முதலில் ஸ்பெனரைக் கீழே வையுங்கள்

போன கிழமை தங்கச்சி மகன் வெள்ளவத்தையிலிருந்து கோல் எடுத்தான். "மாமா, புது சீட் போட்டேன், ஆடுது. நல்லா இறுக்கிட்டேன், அப்பவும் ஆடுது. இன்னும் கொஞ்சம் இறுக்கவா?"

நான் போட்ட சத்தத்தில், பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மேசன் பாஸ் திரும்பிப் பார்த்தார்.

"கைய எடுடா. ஸ்பெனரக் கீழ வை. நான் வாரேன்."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் வயதில் நான் செய்ததைத்தான் அவனும் செய்கிறான். பைப் வேலைக்கு வந்த புதிதில் நான் உடைத்தவற்றையெல்லாம் அடுக்கினால் ஒரு பாத்ரூமே கட்டலாம். வேலை பழக வருகிற பொடியன்மாரும், வீட்டில் தாங்களே செய்து பார்க்கிற ஐயாமாரும் அதே நான்கைந்து பிழைகளைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்துப் பார்த்து அலுத்துத்தான் இதை எழுதுகிறேன். பில் வாங்குங்கள், பெட்டியைத் திறந்து பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கண்ணளவில் வாங்குவது

பழைய சோனகத் தெருவில் எந்த ஹார்ட்வெயார் கடையில் நின்றாலும் இது காதில் விழும்: "வெள்ளையில சாதாரண சீட் ஒண்டு தாங்க." சாதாரண சீட் என்று ஒன்று கிடையாது. வட்டம், நீள்வட்டம், முன்பக்கம் வளைந்து பின்பக்கம் நேராக இருக்கிற 'டி' வடிவம், சதுரம் என்று கொமட் பல வடிவத்தில் வருகிறது. தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மூன்று அளவு வேண்டும். முதலாவது, பின்னால் இருக்கிற இரண்டு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரம். அமெரிக்க அளவில் செய்த கொமட் என்றால் அது ஐந்தரை அங்குலம், அதாவது 140 மில்லிமீற்றர். ஐரோப்பிய அளவில் பெரும்பாலும் 155 மில்லிமீற்றர் பக்கம் வரும். இரண்டாவது, அந்த ஓட்டைகளின் நடுக்கோட்டிலிருந்து கொமட்டின் முன் விளிம்பு வரை. அமெரிக்க அளவில் வட்டம் என்றால் பதினாறரை அங்குலம், நீள்வட்டம் என்றால் பதினெட்டரை அங்குலம் சொச்சம். மூன்றாவது, ஆக அகலமான இடத்தின் அகலம். ஓட்டைத் தூரம் கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் பல சீட்டுகளின் கீல் அதற்கேற்ப நகரும். நீளம் நகராது. இரண்டு அங்குலம் குறைந்த சீட்டைப் போட்டால் முன்னால் பீங்கான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். கூடிய சீட் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு இருந்து, ஒரு பாரமான ஆள் முன்னுக்குச் சரிந்து உட்கார்ந்த அன்றைக்கு வெடிக்கும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு அக்கா, பழைய சீட்டையே உடுப்புக்கடைப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனார். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பழைய சீட்டே யாரோ ஒருவர் பிழையாக வாங்கிப் போட்டது. அதே அளவில் புதிதாக ஒன்றை வாங்கிவந்து, அதே கஷ்டத்தை இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீட்டிக்கொண்டார். சீட்டை அளக்காதீர்கள், கொமட்டை அளங்கள். வீரகேசரித் தாள் ஒன்றைக் கொமட்டின் மேல் விரித்து, விளிம்பைச் சுற்றி விரலால் அழுத்தி, மடிப்பு விழுந்த இடத்தில் பேனையால் கோடு கீறி, ஓட்டைகளையும் குறித்துக்கொண்டு போனால் கடைக்காரர் தாளை சீட்டின் மேல் வைத்துப் பார்த்தே தந்துவிடுவார்.

அடியில் கை போகுமா என்று பார்க்காதது

புது அப்பார்ட்மென்ட்களில் கொமட்டின் பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் பீங்கானாலேயே மூடியிருப்பார்கள். ஓட்டைக்குக் கீழே கையை விட்டு நட் போட முடியாது. அதற்கு மேலிருந்தே இறுக்குகிற சீட் வேண்டும். மேலே திருகத் திருக உள்ளே ரப்பர் உப்பி ஓட்டைக்குள் பிடித்துக்கொள்ளும். கீழிருந்து நட் போடுகிற சீட்டை வாங்கிவந்துவிட்டு, "பாஸ், எப்பிடியாச்சும் போட்டுத் தாங்க" என்றால் நான் எப்படிப் போடுவேன்?

நட்டை முறுக்கித் தள்ளுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் பேசப்போகிறேன். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எரிச்சல் வருகிற விஷயம்.

பம்பலப்பிட்டியில் ஒரு பழைய வீடு. ரோஸ் நிறக் கொமட், ரோஸ் நிறப் பேசின், அதற்குப் பொருத்தமாக ரோஸ் பூப்போட்ட டைல். வீட்டு ஆச்சி அந்த பாத்ரூமைச் சாமியறைபோல வைத்திருந்தார். சீட் மட்டும் வெடித்திருந்தது. எனக்கு வேலை பழக்கிய சிங்கள பாஸ், "இது சின்ன வேலை, நீ பார்" என்று என்னை விட்டுவிட்டு வெளியே தாங்கியைப் பார்க்கப் போய்விட்டார். புது சீட்டைப் போட்டேன். லேசாக ஆடியது. இறுக்கினேன். இன்னும் ஆடியது. ஸ்பெனரை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு அரைச் சுற்று. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். விரல் சொடக்கு அளவுகூட இல்லை. குனிந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஆட்டமும் நின்றிருந்தது. பெரிய வெற்றி என்று நினைத்து ஆச்சி தந்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

மூன்று கிழமையில் ஆள் வந்தது. தரையெல்லாம் தண்ணீர்.

நடந்தது இதுதான். கொமட் பீங்கான். அமுக்கினால் தாங்கும், உட்கார்ந்தால் தாங்கும். இழுத்தாலோ வளைத்தாலோ தாங்காது. போல்ட் தலை மேலே, நட் கீழே, நடுவில் பீங்கான். இறுக்கும்போது எல்லாப் பக்கமும் சமமாக அமுங்கினால் பிரச்சினை இல்லை. நட் ஒரு பக்கம் சரிந்து கடித்தால், அந்த ஓரத்தில் பாரம் குவிந்து பீங்கான் வளையப் பார்க்கும். பீங்கானுக்கு வளையத் தெரியாது, வெடிக்கத்தான் தெரியும். அந்த ஓட்டைகளுக்குப் பின்னால்தான் தண்ணீர்த் தாங்கி உட்காருகிற தட்டு. நான் உண்டாக்கிய முடியளவு வெடிப்பு, ஃபிளஷ் அடிக்க அடிக்க மெல்ல ஓடி, தாங்கியின் போல்ட் ஓட்டையில் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஃபிளஷுக்கும் ஒரு கோப்பைத் தண்ணீர் தரைக்கு.

சரி, கொமட்டை மாற்றலாம் என்றால், அது அடியில் சீமெந்து வைத்துப் பூசிய பழைய காலத்து வேலை. உளி வைக்காமல் வராது. உளி வைத்தால் பூப்போட்ட டைல் போகும். அந்த ரோஸ் நிறம் கொழும்பில் எந்தக் கடையிலும் இல்லை. வெள்ளைக் கொமட் வாங்கினால், சுவரிலிருந்து கழிவுக்குழாய் ஓட்டை இருக்கிற தூரம் புதுக் கொமட்டுக்குச் சரிவரவில்லை. மேசன் வந்தார், டைல்காரர் வந்தார். ஆச்சி ஒரு வார்த்தை ஏசவில்லை. வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, உடைத்த டைல் துண்டுகள் சாக்கில் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இவ்வளவும் ஒரு சீட்டுக்கு, அரைச் சுற்றுக்கு.

இதில் கொடுமை என்னவென்றால், சீட் ஆடியதற்குக் காரணம் நட் தளர்வே இல்லை. போல்ட் மெல்லியது, பீங்கான் ஓட்டை பெரியது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் கூம்பு மாதிரி ரப்பர் வொஷர் தருகிறார்கள். கூம்பின் ஒடுங்கிய பக்கம் ஓட்டைக்குள் போய் போல்ட்டை நடுவில் பிடித்துக்கொள்ளும். அது இல்லாமல் எவ்வளவு இறுக்கினாலும் போல்ட் ஓட்டைக்குள் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். என் பாஸ் அன்றைக்குப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். இரண்டு கூம்பும் பொலித்தீன் பைக்குள் பத்திரமாக இருந்தன. எனக்குச் சிங்களம் அரைகுறை. ஆனால் அவர் தலையில் தட்டிச் சொன்ன "ஹெமின், ஹெமின்" நன்றாகவே விளங்கியது. மெதுவாக, மெதுவாக.

ஆகவே சீட் ஆடினால் வரிசையாகப் பாருங்கள். கூம்பு வொஷர் இருக்கிறதா, சரியான பக்கம் பார்த்து இருக்கிறதா? சீட்டுக்கு அடியில் ரப்பர் கட்டைகள் எல்லாம் இருக்கின்றனவா? அவை எல்லாமே விளிம்பில் படுகின்றனவா? அதற்குப் பிறகுதான் நட். கையால் போகிற வரை இறுக்குங்கள், பிறகு கால் சுற்று. அவ்வளவுதான். இரண்டு நட்டையும் மாறி மாறி இறுக்குங்கள், ஒன்றை முடித்துவிட்டு மற்றதுக்குப் போக வேண்டாம். ஒரு கிழமை பாவித்த பிறகு கையால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், தளர்ந்திருந்தால் கொஞ்சம்.

பழையதைக் கழற்றும்போதும் இதே ஆபத்துதான். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் இரும்பு போல்ட் உப்புக்காற்றில் துருப்பிடித்து நட்டோடு ஒன்றாகிவிடும். அங்கே பலத்தைக் காட்டினால் நட் சுழலாது, பீங்கான்தான் போகும். துருநீக்கி எண்ணெய் அடித்து ஒரு இரவு விட்டுப் பாருங்கள். அசையவில்லை என்றால் ஹெக்ஸோ பிளேட்டை மட்டும் கையில் பிடித்து அறுத்துவிடுங்கள். பிளேட் உரசுகிற இடத்தில் தடித்த மட்டையோ டேப்போ ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பீங்கானில் கறுப்புக் கோடு விழும். சுத்தியலால் தட்டுகிற யோசனை வந்தால் எழுந்து போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். புதிதாகப் போடும்போது நைலோன் போல்ட்டைக் கேளுங்கள். துருப்பிடிக்காது, அடுத்த தடவை கத்தியாலேயே அறுக்கலாம்.

கழற்றிய பிறகு, போடும் முன், ஒரு நாணயத்தால் பீங்கானை மெல்லத் தட்டிக் கேளுங்கள். நல்ல பீங்கான் மணிபோலச் சத்தம் தரும். வெடித்தது 'டொக்' என்னும். வெடிப்பு ஏற்கெனவே இருந்தால் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அப்போதே காட்டிவிடுங்கள், பிறகு காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள்.

பலகைச் சீட் ஆசை

படத்தில் அழகாக இருக்கும். மரம் என்று விற்பதில் பெரும்பாலானது மரத்தூளை அமுக்கிச் செய்த பலகைக்கு மேல் பெயின்ட். நாம் கடதாசிக்காரர்கள் இல்லை, தண்ணீர்க்காரர்கள். பக்கத்திலேயே ஹேன்ட் ஷவர், நாள் முழுக்க ஈரம். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பலகை பிஸ்கட் மாதிரி உப்பும்.

பிளாஸ்டிக்கில் இரண்டு வகை. பொலிபுரொப்பிலீன் இலேசானது, வளையும், விழுந்தாலும் சட்டென்று உடையாது, ஆனால் கீறல் விழும், வெயில் பட்டால் மஞ்சளாகும். யூரியா ஃபோர்மல்டிஹைட் பாரமானது, பீங்கான் மாதிரி மினுமினுப்பு, கீறல் லேசில் விழாது, ஆனால் கழற்றும்போது கைதவறி டைலில் போட்டால் முடிந்தது கதை. வாடகை அன்னெக்ஸ் என்றால் முதலாவது போதும்.

தானாக மெல்ல மூடுகிற சொஃப்ட் குளோஸ் மூடியைக் கையால் அமுக்குவது

அமுக்காதீர்கள்.

சிலிக்கோன் வைத்து ஒட்டுவது

இதைச் செய்கிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

அமிலத்தை ஊற்றி மூடியைச் சாத்துவது

கொமட்டுக்குள் ஊற்றிக் கழுவுகிற திரவம் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பீங்கானுக்கு, சீட்டுக்கு அல்ல. ஊற்றிவிட்டு, வாசம் வராமல் இருக்கட்டும் என்று மூடியைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். அந்த ஆவி உள்ளேயே நின்று கீலின் குரோம் பூச்சைத் தின்னும். கீல் கழன்ற கதவு மாதிரி சீட் ஒரு பக்கம் தொங்குவது இதனால்தான். அமிலம் உள்ளே இருக்கிற வரை சீட்டையும் மூடியையும் நிமிர்த்தி வையுங்கள். ஃபிளஷ் அடித்த பிறகு சாத்துங்கள்.

சீட்டைத் துடைக்க, பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு, மெல்லிய துணி, பிறகு உலர்ந்த துணி. சட்டி தேய்க்கிற பச்சை உரஞ்சி வேண்டாம். அது போடுகிற கீறலுக்குள்தான் அழுக்கு குடியிருக்கும்.

இன்னொன்று, இது சீட்டைப் பற்றியது அல்ல, உங்கள் நெஞ்சைப் பற்றியது: அந்த அமிலத்தோடு குளோரின் பிளீச்சை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சுவாயு வரும். ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூமில் அது விளையாட்டில்லை.

ஏறிக் குந்துவது

ஊரிலிருந்து வருகிற பெரியவர்களுக்குக் கொமட்டில் உட்கார்ந்து பழக்கமில்லை. சீட்டின் மேல் ஏறிக் குந்துவார்கள். சீட் உடைந்தால் போகட்டும். பீங்கான் உடைந்தால் அந்த விளிம்பு கத்தி மாதிரி, தொடையைக் கிழிக்கும். வெட்கப்படாமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மூடியின் மேல் ஏறி பல்ப் மாற்றுகிறவர்களுக்கும் இதே புத்திமதிதான்.

பழையதை முழுதாக வீசுவது

பழைய சீட்டைக் குப்பைக்குக் கொடுக்கும் முன் அதன் ரப்பர் கட்டைகளையும் நல்ல வொஷர்களையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கட்டைகளைத் தனியாகத் தேடிக் கடை கடையாக அலைந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். என் சாமான் பெட்டியில் ஒரு மைலோ டின் நிறைய இருக்கிறது.

வெள்ளவத்தைக்குப் போனபோதும் அந்த டின்னைக் கையோடு கொண்டுபோனேன். நல்லகாலம், நாணயத்தால் தட்டினால் மணிச்சத்தம். ஒரு கூம்பு வொஷர் தலைகீழாகப் போட்டிருந்தான், மற்றது குப்பைக்கூடையில் பொலித்தீன் பையோடு கிடந்தது. சீட்டுக்கு அடியில் ஒரு கட்டையைக் காணவில்லை. டின்னிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டேன். அது ரோஸ் நிறம். "மாமா, வெள்ளையில இல்லையா?" என்றான்.