வெந்நீர் இடது, பச்சைத் தண்ணீர் வலது: டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வீடு கட்டும்போது டைல்ஸ் நிறத்துக்காக நாலு கடை ஏறி இறங்கினேன், வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. குடிபோன மூன்றாம் நாள் அம்மா பழக்கத்தில் வலது பக்கக் குழாயைத் திறந்து கையை நீட்டினார், கீசரிலிருந்து நேராக வந்த வெந்நீர் பட்டுப் புறங்கை கொப்பளித்துவிட்டது. அதைச் சரிசெய்ய ஒட்டிய டைல்ஸை உடைக்க வேண்டியதாயிற்று. உங்களுக்கு அது வேண்டாம்.

விதி இதுதான்: குழாயைப் பார்த்தபடி நிற்கும்போது உங்கள் இடது கைப்பக்கம் வெந்நீர், வலது கைப்பக்கம் பச்சைத் தண்ணீர். வாஷ்பேசின், சிங்க், ஷவர் மிக்சர் (வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் குழாய்) எல்லாவற்றுக்கும் இதே. அமெரிக்காவின் பிளம்பிங் விதிகளில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். சிவப்பு, நீலப் புள்ளிதான் இருக்கிறதே என்று கேட்கலாம். புள்ளி நாளடைவில் உதிர்ந்துவிடும், பார்வை மங்கியவருக்கும் முகத்தில் சோப்போடு தடவுகிறவருக்கும் பக்கம் மட்டும்தான் அடையாளம். கீசரை 60 டிகிரியில் வைத்திருந்தால் அந்தத் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம்.

முதலில், குழாய் புதைக்கச் சுவரில் காடி (பள்ளம்) எடுப்பதற்கு முன்பே நீங்கள் போய் நில்லுங்கள். பேசின் முன்னால், ஷவர் முன்னால், ஒவ்வொரு இடத்திலும் சுவரைப் பார்த்து நின்று இடது பக்கம் 'வெ' என்றும் வலது பக்கம் 'ப' என்றும் சாக்பீஸால் பெரிதாக எழுதுங்கள். வாயால் சொன்னால் போதாது, ஏனென்றால் இடது வலது என்பது சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

பெரும்பாலும் தப்பு நடப்பது ஒரே சுவரின் இரு பக்கமும் பாத்ரூம் இருக்கும் வீடுகளில். சுவருக்குள் ஒரே ஜோடி குழாய் ஏறும், அதிலிருந்து இந்த அறைக்கு ஒரு டீ (T வடிவக் கிளை இணைப்பு), அந்த அறைக்கு ஒரு டீ. இங்கே நிற்பவருக்கு இடது பக்கம் இருக்கும் குழாய் அங்கே நிற்பவருக்கு வலது பக்கம், அப்படியே நேராக வெளியே எடுத்தால் ஏதாவது ஓர் அறையில் நிச்சயம் மாறித்தான் வரும். அந்த அறையில் ஒரு குழாய் இன்னொன்றைத் தாண்டிப் போய்த்தான் ஆக வேண்டும். அதற்குக் காடி ஆழமாக வேண்டும், எல்போ (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பு) கூடுதலாகும், அதனால்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். நாலரை அங்குலச் சுவர் என்றால் தாண்டலுக்கு இடம் பத்தாது, இரண்டு அறைக்கும் தனித்தனி லைன் இழுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

அடுத்து குழாய். வெந்நீர் லைனுக்கு சிபிவிசி போடுங்கள். யுபிவிசி பச்சைத் தண்ணீருக்கு மட்டும்தான், வெந்நீர் போனால் இளகி வளைந்து இணைப்பு விட்டுவிடும். ஒட்டும் சொல்யூஷனும் இரண்டுக்கும் வேறு வேறு.

சுவரில் பொருத்தும் வால் மிக்சர் என்றால் இரண்டு முனைக்கும் நடுவே, மையத்திலிருந்து மையம், 150 மில்லிமீட்டர், அதாவது 6 அங்குலம் இருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மிக்சரோடு வரும் வளைந்த கால்களைத் திருப்பிக் கொஞ்சம் கூடக் குறைய சரிக்கட்டலாம், ஆனால் பக்கம் மாறியிருந்தால் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. பேசினில் நிற்கும் சிங்கிள் லீவர் குழாய்க்கு அந்தக் கவலை இல்லை, அடியில் சுவரோடு இருக்கும் சின்ன அடைப்புக் குழாயான ஆங்கிள் காக்கில் இரண்டு ஹோஸையும் மாற்றிப் பூட்டினால் போதும்.

கீசர் பக்கம் வளையத்தின் நிறத்தைப் பாருங்கள்: நீலம் உள்ளே போகும் தண்ணீர், சிவப்பு வெளியே வரும் வெந்நீர். டாங்க் உள்ள கீசரில் பச்சைத் தண்ணீர் அடியில் நுழையும், வெந்நீரை எடுக்கும் குழாய் மேல்மட்டம் வரை உயர்ந்திருக்கும். மாற்றிக் கொடுத்தால் இரண்டும் கலந்து சீக்கிரமே வெதுவெதுப்பாகத்தான் வரும். சேஃப்டி வால்வு நீலப் பக்கம்.

சரி, இனி சோதனை. மிக்சர் எதையும் மாட்டாமல், கீசர் இடத்தில் இரண்டு முனையையும் பிளக் போட்டு அடைத்து, மேலே டாங்க் வால்வைத் திறந்துவிடுங்கள். இப்போது வெந்நீர் லைனில் தண்ணீர் இருக்காது. ஒவ்வொரு இடமாக நின்று, முதலில் இடது பக்கப் பிளக்கைக் கழற்றுங்கள்: சொட்டுகூட வரக்கூடாது. வலது பக்கத்தைக் கழற்றினால் பீய்ச்ச வேண்டும். ஓரிடத்தில் மாறி வந்தாலும் வேலையை நிறுத்துங்கள். எல்லாம் சரியென்றால் கீசர் முனை இரண்டையும் ஒரு ஹோஸால் இணைத்து, வெந்நீர் லைனிலும் தண்ணீர் ஏற்றிக் கசிவு பாருங்கள். அப்புறம் அளக்கும் டேப்பைச் சுவரில் விரித்துப் பிடித்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்துக்கொண்டு, டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள்.