தனுஷ்கோடிக் குறும்படம்: முடித்தபின் குழுவாக அலசுவது எப்படி

படம் முடிந்த ஒரு வாரத்துக்குள் எல்லோரும் உட்காருங்கள். தள்ளிப்போட்டால் எந்த ஷாட் ஏன் கெட்டது என்பதே மறந்துபோகும். எடிட் செய்த படத்துக்கு முன் வெட்டாத ஃபுட்டேஜைப் போடுங்கள். தவறுகள் அங்கேதான் கிடக்கும்.

முதல் சுற்று ஒலியில்லாமல். அடிவானம் ஒரு டிகிரி சாய்ந்தாலும் கடல் ஒரு பக்கம் வழிவதுபோல் தெரியும். பெரும்பாலும் டிரைபாட் கால் ஈர மணலில் மெல்லப் புதைந்திருக்கும். அடுத்த முறை ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். அலை விட்டுவிட்டுத் துள்ளுகிறதா? ஷட்டர் வேகம் கூடிவிட்டது. வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் 1/50 வினாடி. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8 வைத்தால், மிஞ்சும் ஒளியைக் குறைக்க என்டி 8 ஃபில்டர் (லென்ஸின் முன் மாட்டும் கருங்கண்ணாடி) தேவை. மணல் கண்ணைப் பறித்தால் என்டி 16.

அடுத்த சுற்று கண்ணை மூடி ஒலி மட்டும். மைக்கில் காற்று அடித்த ‘புர்ர்’ சத்தத்தை எடிட்டில் முழுதாக நீக்க முடியாது. அந்தக் கரையில் பஞ்சு உறை போதாது, ரோம உறை வேண்டும்.

யார் சொதப்பினார்கள் என்று பேச்சு திரும்பினால் நிறுத்துங்கள். ஷாட் எண்ணைச் சொல்லித்தான் பேச வேண்டும்.

1964 புயலில் சிதைந்த தேவாலயத்துக்கு எத்தனை வினாடி கொடுத்தீர்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். பாதிப் படம் அதுவே என்றால் காற்றும் மணலும் படத்துக்குள் வரவே இல்லை.