நாடி என்றால் எந்த நாடி? மூச்சுப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் பக்கம் நாடி என்றால் முதலில் நினைவுக்கு வருவது மோவாய்தான். குழந்தையின் நாடியைப் பிடித்துக் கொஞ்சுவோம். பரீட்சையில் கோட்டைவிட்டவன் நாடிக்குக் கைகொடுத்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பதும் நாடிதான். யோகா வகுப்பில் மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூச்சு விடுவதை நாடி சுத்தி என்கிறோமே, அந்த நாடி மூன்றாவது. இந்த மூன்றாவது நாடி உடம்பில் எங்கே ஓடுகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு படத்தைக் காட்டுவார்கள். ஒருவர் நரம்பு என்பார். அக்குபங்சர் படித்தவர், சீன மருத்துவம் சொல்லும் சக்திப் பாதையான மெரிடியன் என்பார். மேற்கே மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் போனால் உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளான வர்மத்தோடு முடிச்சுப் போடுவார்கள். பல வருடங்களாகக் காலை வகுப்பு எடுக்கிறேன். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி, இந்தப் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிப் பார்த்ததால் வந்தவை.

யோக நூல்கள் 72,000 நாடிகள் என்று சொல்லும். சித்தர் மரபு அவற்றில் பத்தைப் பெயர் சொல்லி எண்ணும். பயிற்சியில் பேசப்படுவது மூன்று: இடப்பக்கம் இடகலை, வலப்பக்கம் பிங்கலை, நடுவே சுழுமுனை. சீனர்களின் கணக்கு வேறு. முதன்மையான பாதைகள் 12, உடம்பின் முன்னும் பின்னும் நடுக்கோட்டில் ஓடுபவை 2, ஆக 14. நுரையீரல் பாதை நெஞ்சில் தொடங்கிக் கட்டைவிரலில் முடியும். முதன்மையான பன்னிரண்டில் ஒவ்வொன்றும் ஓர் உள்ளுறுப்பின் பெயரைத் தாங்கி நிற்கும். அவர்களுடைய ஐந்து பூதங்களில் மரமும் உலோகமும் உண்டு, காற்றும் ஆகாயமும் கிடையாது. நம் ஊர் வர்மத்திலோ படுவர்மம் 12, தொடுவர்மம் 96, மொத்தம் 108. நாடி, மூச்சையும் மனத்தையும் வசப்படுத்த எழுந்த கணக்கு. மெரிடியன், ஊசி குத்தவும் அழுத்தவும். வர்மம், அடிமுறைக் களரியில் அடிக்கவும் அடிபட்டவனை எழுப்பவும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு ஒத்துவருகிறதே என்று படுவர்மத்தையும் மெரிடியனையும் ஜோடி சேர்த்து ஒருவர் நோட்டில் எழுதி வைத்திருந்தார். தாலுகா எண்ணிக்கையும் வீட்டுக் கதவு எண்ணும் ஒன்று என்பதற்காக உறவு கொண்டாட முடியுமா?

நரம்பு விஷயமும் அப்படித்தான். சுழுமுனை தண்டுவடம், இடகலையும் பிங்கலையும் அதன் இருபக்க நரம்புகள் என்பது பிற்காலத்தவர் செய்த ஒப்பீடு. உடலைக் கீறிப் பார்த்த எந்த மருத்துவரும் நாடியையோ மெரிடியனையோ கண்டதில்லை. நாடி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்தவன் கவனத்தை எங்கே வைப்பது என்று சொல்லித்தர அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் நோய் என்ன என்று கண்டுபிடிக்க அது உதவாது. இதை நான் கற்றுக்கொண்ட கதை கொஞ்சம் வெட்கக்கேடானது.

அதற்கு முன்னால் மிகச் சாதாரணமான தவறு ஒன்று. புதிதாக வருகிறவர்கள், வயிற்றை எக்கி மூச்சை வெளியே தள்ளும் கபாலபாதியை அம்மி கொத்துகிற வேகத்தில் செய்வார்கள். இரண்டு நிமிடத்தில் உதடு விறுவிறுக்கும், விரல் நுனி குறுகுறுக்கும், சிலருக்கு விரல்கள் தாமாக உள்பக்கம் மடங்கும். "சார், கையில் சக்தி ஓடுகிறது!" என்று முகம் மலர்வார்கள். ஓடுவது சக்தி அல்ல. தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விட்டதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிட்டது. அதனால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். இரத்தத்தில் கால்சியத்தின் நிலையும் மாறுவதால் நரம்புகள் துள்ளும். நிறுத்திவிட்டு வாயை மூடி, மெதுவாக, இயல்பாக மூச்சு விட்டால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். சக்தி என்று நினைத்து இன்னும் வேகம் கூட்டுகிறவர்தான் பாயில் சரிவார். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதியின் பக்கமே போக வேண்டாம்.

பத்மாசனத்தில் கால் மரத்துப்போவதும் முதுகுத்தண்டின் அடியில் இருப்பதாகச் சொல்லும் மூலாதாரச் சக்கரம் விழித்ததற்கு அடையாளம் அல்ல. முழங்காலுக்கு வெளிப்புறம் ஓடும் நரம்பு நசுங்குகிறது, அவ்வளவுதான். காலைப் பிரித்து நீட்ட வேண்டும். உட்காராதபோதும் பாதம் எரிந்து, ஊசி குத்துவது போல் இருந்தால் சர்க்கரையைப் பரிசோதித்துப் பாருங்கள்.

இனி என் கதை. சீனப் படத்தில் இதயத்தின் பாதை அக்குளில் தொடங்கி, கையின் உட்புறமாக இறங்கி, சுண்டுவிரலில் முடியும். வண்ணத்தில் அழகாக அச்சிட்ட அந்தப் படத்தை வகுப்புச் சுவரில் மாட்டியவன் நான்தான். பார்க்க நன்றாக இருந்தது, வேறு காரணம் கிடையாது. வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் விடியற்காலையில் இடது கையின் உட்புறம் கனத்து வலித்திருக்கிறது, வியர்த்திருக்கிறது. சுவரில் பார்த்த கோடு நினைவுக்கு வர, பாதையில் அடைப்பு என்று முடிவு கட்டிவிட்டார். வீட்டுக்காரம்மா ஆட்டோ பிடிக்கட்டுமா என்று கேட்கக் கேட்க, சுண்டுவிரலையும் மணிக்கட்டையும் மாறி மாறி அழுத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அது மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் இதயத் தசையில் கொஞ்சம் போய்விட்டது, இனி திரும்பாது. நெஞ்சிலோ இடது கையிலோ தாடையிலோ கனம், கூடவே வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் எந்தப் புள்ளியையும் தேட வேண்டாம், 108க்குப் போன் செய்யுங்கள். (வர்மமும் 108, ஆம்புலன்சும் 108. எதை முதலில் தொடுவது என்பதில் மட்டும் குழப்பம் கூடாது.)

படத்தை அன்றைக்கே கழற்றினேன்.

நாடி சுத்தியில் கைப்பக்குவம்தான் எல்லாம். வலது கையில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடக்கி, கட்டைவிரலால் வலது துளையையும் மோதிர விரலால் இடது துளையையும் மூட வேண்டும். பலர் மூக்கின் நுனியைக் கிள்ளுகிறார்கள். எலும்பு முடிந்து சதை தொடங்கும் இடத்தில் விரல் பட்டால் போதும், இமையைத் தொடுகிற அழுத்தம் போதும். கை உயர்ந்ததும் தலை வலப்பக்கம் சாய்வதும் முழங்கை விலாவில் ஒட்டிக்கொள்வதும் அடுத்தவர் சொன்னால்தான் தெரியும். இடது வழியாக இழுத்து வலது வழியாக விட வேண்டும், பிறகு வலது வழியாக இழுத்து இடது வழியாக விட வேண்டும். அது ஒரு சுற்று.

இதைவிடப் பெரிய தவறு கணக்கில் நடக்கிறது. திருமூலர் இழுக்க 16, நிறுத்த 64, விட 32 மாத்திரை (நேர அளவு) என்கிறார். அது கைவந்தவர்களுக்கான அளவு. எடுத்த எடுப்பில் மூச்சைப் பிடித்து முகம் சிவந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குத்தான் மூச்சு முட்டும். முதல் மூன்று மாதம் நிறுத்தவே வேண்டாம், நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் போதும். ஹடயோக பிரதீபிகையும் நாடிகள் தூய்மையாக மூன்று மாதத்துக்கு மேல் என்றுதான் கணக்குச் சொல்கிறது. சிங்கத்தையும் யானையையும் பழக்குவது போல மெல்லப் பழக்காவிட்டால் மூச்சு பயில்கிறவனையே கொன்றுவிடும் என்று எச்சரிப்பதும் அதே நூல்தான்.

இன்னொரு கூட்டம் சரம் பார்க்கும், அதாவது மூச்சு எந்த மூக்கில் ஓடுகிறது என்று பார்க்கும். திங்கள், புதன், வெள்ளி இடது மூக்கில் ஓட வேண்டும், செவ்வாய், சனி, ஞாயிறு வலதில் ஓட வேண்டும் என்ற கணக்கு நம் மரபில் உண்டு. அன்றைக்கு மாறி ஓடினால் கெட்ட சகுனம் என்று பதறி, அக்குளில் துணி உருண்டையை அடக்கிக்கொண்டு மூச்சை மாற்றப் பார்ப்பவரை அறிவேன். மூக்குத் துளைகளின் உட்புறச் சதை சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறி மாறி வீங்கி வடிவது இயற்கை. ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் கைசர் 1895இல் இதை எழுதி வைத்தார். ஆடி மாதச் சாரலில் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் நாடி சுத்திக்கு விடுமுறை விட்டுவிடலாம். அடைத்த துளைக்குள் காற்றை முட்டித் தள்ளினால் காது வலிதான் மிஞ்சும்.

ஆசனத்தை மெரிடியனோடு கட்டிப்போடுவது அண்மைக்காலப் பழக்கம். ஜப்பானின் ஹிரோஷி மோட்டோயாமா மெரிடியனையும் யோகத்தையும் சேர்த்து ஆராய்ந்தார். அவரிடம் கற்ற அமெரிக்கர் பால் கிரில்லி வழியாக அது யின் யோகாவாகப் பரவியது. பழைய யோக நூல்களில் தேடினால் கிடைக்காது. முதுகைக் குனிந்து நீட்டினால் சிறுநீர்ப்பைப் பாதை திறக்கும் என்று கேள்விப்பட்டு, பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் பச்சிமோத்தானாசனத்தில் தன்னைத்தானே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். விடியுமுன் தொடங்கி ரப்பர் மரத்துக்கு மரம் குனிந்து வெட்டிவிட்டு வந்த இடுப்பு அது! அதற்குத் தேவை குப்புறப் படுத்து மெல்ல நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனம், இல்லையென்றால் பத்து நிமிடம் சும்மா மல்லாந்து கிடப்பது.

மாலை ஆறு மணிக்கு மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு ஏழு மணி வகுப்புக்கு வருகிறவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை, வயிறே விளக்கிவிடும். மூன்று, நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

வர்மத்தை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு ஒருவர் பிடரியை இன்னொருவர் அழுத்திப் பார்க்கிறார்கள். ஆசான்மார் கைவிசையையே கால் மாத்திரை, அரை மாத்திரை என்று அளந்து சொல்லித்தருவார்கள், வர்மம் கொண்டுவிட்டால் எந்த அடங்கலில், அதாவது மாற்றுப் புள்ளியில், இளக்குவது என்பது தெரியாமல் யாரையும் தொடவிட மாட்டார்கள். வீடியோவில் இரண்டும் கிடையாது. மரபை விட்டுவிட்டு உடற்கூறாகப் பார்த்தாலும், கழுத்தின் பக்கவாட்டில் துடிப்பு தெரியும் இடத்தை அழுத்தினால் இதயத்துடிப்பு சட்டென்று குறைந்து மயக்கம் வரலாம். வயதானவர்களுக்கு அங்கே இரத்தக் குழாயில் படிந்திருக்கும் கொழுப்பு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். வர்ம வைத்தியம்தான் வேண்டும் என்றால் முறையாகப் படித்தவரிடம் போகலாம். முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கும் மாவட்டம் இது.

அந்தப் பெரியவர் நான்கு மாதம் கழித்து, மருத்துவர் சம்மதத்தோடு திரும்பி வந்தார். நாற்காலியில் உட்காரவைத்து, மூச்சை நிறுத்தாமல், ஆறு சுற்று நாடி சுத்தி மட்டும் செய்யச் சொன்னேன். முடித்ததும் கையில் ஏதாவது தெரிகிறதா என்று கொஞ்சம் பயத்தோடுதான் கேட்டேன்.

"ஒன்றும் இல்லை மக்களே, மூக்குதான் அரிக்கிறது" என்றார்.