பால் கவர், ஜிப்லாக் கவர் எல்லாம் கழுவி திரும்ப யூஸ் பண்றது எப்படி?

எங்க வீட்டு கிச்சன் ஜன்னல்ல ஒரு சின்ன கொடி கட்டியிருக்கேன், எப்ப பாத்தாலும் அதுல நாலஞ்சு கவர் க்ளிப் மாட்டி தொங்கும். பால் கவர், மாவு வந்த கவர், பட்டாணி போட்டு வச்ச ஜிப்லாக்னு. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து ஒரு தடவை யூஸ் பண்ணி தூக்கிப் போடுற ப்ளாஸ்டிக்குக்கு தடை இருக்கு, ஆனா பால் பாக்கெட், எண்ணெய் பாக்கெட்டுக்கெல்லாம் விலக்கு, அதனால வீட்டுக்குள்ள கவர் வந்துக்கிட்டே தான் இருக்கு. தினம் ரெண்டு பால் பாக்கெட்னா வருஷத்துக்கு 730 கவர் ஆச்சுங்க. அத்தனையும் வந்த அன்னிக்கே குப்பைக்குப் போறது எனக்கு மனசே ஆகல.

ஸ்டெப் 1: எதை வச்சுக்கலாம், எதை வேண்டாம்

பால் கவர், தயிர் கவர், இட்லி மாவு கவர், ஜிப்லாக், ரவை சேமியா வந்த கவர் இதெல்லாம் கழுவி வச்சுக்கலாம். கறி, மீன், கோழி, பச்சை முட்டை பட்ட கவரை மட்டும் தயவு செஞ்சு வச்சுக்காதீங்க, ஓரத்துல இருக்க மடிப்புக்குள்ள போன ரத்தத்தை எவ்வளவு தேய்ச்சாலும் முழுசா எடுக்க முடியாது, கிருமி அங்கேயே தங்கிடும். ஹோட்டல்ல சூடா சாம்பார் கட்டிக் குடுக்குற மெல்லிசு கவரும் வேண்டாம். கடையில குடுக்குற கறுப்பு, கலர் கேரி பேக்ல பெரும்பாலும் பழைய ப்ளாஸ்டிக்கை உருக்கி கலந்திருப்பாங்க, 2018ல வந்த உணவு பேக்கேஜிங் விதியிலயே மறுசுழற்சி ப்ளாஸ்டிக் கேரி பேக்ல சாப்பாட்டுப் பொருள் வைக்கக் கூடாதுன்னு போட்டிருந்தாங்க, அதனால அதை குப்பை கட்ட மட்டும் வச்சுக்கோங்க.

ஸ்டெப் 2: வெட்டுறது

பால் பாக்கெட்டோட மூலைய முழுசா கத்தரிச்சு எடுக்காதீங்க, ஒரு ஓரம் ஒட்டிக்கிட்டு இருக்குற மாதிரி வெட்டுங்க. அந்த நகம் அளவு துண்டு தான் சிங்க் ஓட்டை வழியா சாக்கடைக்குப் போயிடும், குப்பை பிரிக்கிறவங்க கைக்கும் அது சிக்காது. பாலை ஊத்தினப்புறம் மேல் பக்கத்தை முழுசா திறந்து விட்டுருங்க, கை உள்ள போற மாதிரி இருந்தா தான் கழுவ முடியும்.

ஸ்டெப் 3: கழுவுறது

முதல்ல பச்சைத் தண்ணி. பால் கவர்ல எடுத்ததும் சுடுதண்ணி ஊத்தினா மிச்சப் பால் கவரோட ஒட்டிக்கும், அப்புறம் அந்த வாடை போகவே போகாது. ரெண்டு தடவை பச்சைத் தண்ணியில அலசிட்டு, அந்த தண்ணிய கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திருங்க. அப்புறம் வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு, கவரை உள்பக்கம் வெளியே திருப்பி, ஸ்பாஞ்சோட மெத்துனு இருக்க பக்கத்தால தேய்க்கணும். பச்சை நார் பக்கத்தால தேய்ச்சா கீறல் விழும், அந்த கீறல்ல தான் அழுக்கு உக்காரும். கீழ்ப்பக்க ரெண்டு மூலையையும் விரல் விட்டு தேய்ங்க, ஜிப்லாக்னா அந்த ஜிப் பள்ளத்துல பழைய டூத் ப்ரஷ் வச்சு ஒரு இழு இழுத்துருங்க. கொதிக்கிற தண்ணி எப்பவும் வேண்டாம், இந்த கவரெல்லாம் பெரும்பாலும் பாலிஎத்திலீன்ங்கிற ப்ளாஸ்டிக், 100 டிகிரிய கொஞ்சம் தாண்டினாலே உருகுற பொருள், அதுக்கு முன்னாடியே இளகி சுருங்க ஆரம்பிச்சிடும்.

இஞ்சி பூண்டு வாடை, மசாலா எண்ணெய் வாடை போகலைன்னா ஒரு ஸ்பூன் சமையல் சோடாவ தண்ணியில கலந்து கவருக்குள்ள ஊத்தி அரை மணி நேரம் விட்டுட்டு அலசுங்க. அப்பவும் போகலைன்னா அந்த கவரை பூண்டுக்குன்னே ஒதுக்கிடுங்க. மஞ்சள் கறைக்கு பயப்படாதீங்க, வெயில்ல ஒரு நாள் போட்டா தானா வெளுத்துடும்.

ஸ்டெப் 4: காய வைக்கிறது

இது தான் முக்கியம், பாதி பேர் கோட்டை விடுறதும் இங்க தான். நான் ஆரம்பத்துல நல்லா கழுவின கவரை துணியால துடைச்சு உடனே ரவை போட்டு கட்டி வச்சேன். பத்து நாள் கழிச்சு எடுத்தா கீழ் மூலையில ரவை சின்ன உருண்டையா கட்டி, மேல பச்சையா பூஞ்சை. மூலையில நின்ன ஒரு சொட்டு தண்ணி தான் காரணம், அரை கிலோ ரவையும் போச்சு. சாப்பாட்டுப் பொருள வீணாக்கினது அவ்வளவு வருத்தமா இருந்துச்சு.

அதனால இப்போ உள்பக்கம் வெளியே இருக்கிற மாதிரி க்ளிப் போட்டு, ரெண்டு மூலையும் கீழ தொங்குற மாதிரி மாட்டுவேன், நாலு மணி நேரம் கழிச்சு திருப்பிப் போட்டு மறுபடி காய விடுவேன். கொடி இல்லாதவங்க கரண்டி ஸ்டாண்டுல ரெண்டு நீளக் கரண்டிய நிக்க வச்சு அது மேல கவுத்து விடலாம், உள்ள காத்து போகணும், அவ்வளவு தான். தினமும் மொட்டை மாடி வெயில்ல போட வேண்டாம், கவர் சீக்கிரமே மொடமொடன்னு ஆகி கிழியும். காஞ்சிடுச்சான்னு பாக்க கீழ் மூலைய ரெண்டு விரலால அழுத்தி தேய்ச்சுப் பாருங்க, வழுக்கினா ஈரம் இருக்கு.

ஸ்டெப் 5: எதுக்கு யூஸ் பண்ணலாம்

ஜிப்லாக்ல துருவின தேங்காய், உரிச்ச பட்டாணி போட்டு ஃப்ரீசர்ல வைக்கலாம். மாவு கவர்ல கொத்தமல்லி, கறிவேப்பிலை. பால் கவரை நாலு பக்கமும் வெட்டி விரிச்சா அதிரசம், தட்டை, போளி தட்ட அதை விட நல்லது எதுவும் கிடையாது, எண்ணெய் தடவி தட்டிட்டு கையில எடுத்து போடுங்க, கவரோட கல்லு பக்கத்துல கொண்டு போயிடாதீங்க. சூடான சாப்பாடு, ஊறுகாய், எண்ணெய் பலகாரம் இந்த கவர்கள்ல வேண்டாம், அதுக்கு டப்பா தான்.

ஒரு கவர் எத்தனை நாள் வரும்னு கேட்டா, தண்ணி ஊத்தி தூக்கிப் பாருங்க. ஒழுகினாலோ, உள்ள மங்கலா பிசுபிசுன்னு இருந்தாலோ, வாடை போகலைன்னாலோ அதோட வேலை முடிஞ்சுது. அப்பவும் கழுவி காய வச்சே ஒரு பையில சேத்து வைங்க, பழைய பேப்பர் கடையில சுத்தமான பால் கவரை எடைக்கு எடுத்துப்பாங்க, எடுக்கலைன்னா மக்காத குப்பையில தனியா போடுங்க.