‘ரன்’ என்ற சொல்லை நான் பிடித்த விதம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. ஷிப்ட் மாறும்போது எழுதிவைக்கும் குறிப்பெல்லாம் ஆங்கிலம்தான், அதில் பாதி இடத்தில் ‘ரன்’ நிற்கும், ஒவ்வொரு இடத்திலும் வேறு பொருளில். ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் இந்த ஒரு வினைக்கு மட்டும் 645 பொருள் பிரித்திருக்கிறார்கள். மனப்பாடமெல்லாம் நடக்காது.

கைகொடுத்தது நம்ம ‘ஓடு’தான். பம்பு ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, படம் இரண்டு வாரம் ஓடியது, இங்கெல்லாம் ஆங்கிலத்திலும் ரன்னே. பாதிச் சுமை அப்போதே இறங்கிவிடும். அப்புறம், ‘ஷி ரன்ஸ் எ ஷாப்’ மாதிரி பின்னால் நேரே ஒரு கடையோ மெஷினோ வந்தால் ‘நடத்து’, ‘இயக்கு’ என்று எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரியாக வரும்.

சிக்கல் ஒட்டுச் சொற்களில்தான். ‘ரன் அவுட் ஆஃப்’ என்றால் தீர்ந்துபோவது, ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் சந்திப்பது, சில நேரம் மோதுவதும் அதுவே. ‘டீசல் இஸ் ரன்னிங் லோ’ என்று எழுதியிருந்தால் டீசல் குறைந்துகொண்டே வருகிறது, உடனே சொல்லியாக வேண்டும். இவற்றைப் பிரித்துப் பார்க்கவே கூடாது. குறிப்பில் கண்ட வாக்கியத்தை அப்படியே முழுசாகச் சட்டைப்பை நோட்டில் எழுதி, பக்கத்திலேயே தமிழில் நாம் எப்படிச் சொல்வோமோ அப்படி எழுதிவைத்தேன். இப்போது ‘கெட்’டுக்கும் அதே நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.