புத்தகத்தை மூடியதும் கை பென்சிலைத் தேடணும்

"எனக்கு என்ன திறமை இருக்கு?" என்று அக்கா மகள் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. தனக்கு வரையவே வராது என்று நினைத்திருந்த ஒரு சிறுமி, கடைசிப் பக்கத்தில் ஊரே கைதட்ட மேடையில் நிற்கிற படப் புத்தகத்தை அப்போதுதான் வாசித்து முடித்திருந்தோம். "நீதான் நல்லா பாடுவியே" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் பல நாள் அவள் சும்மா முணுமுணுப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். விளையாட்டாக இருந்த பாட்டு, சரியாகச் செய்தே ஆக வேண்டிய ஒன்றாகிவிட்டது.

தன் திறமையைக் கண்டுகொள்ளும் குழந்தையைப் பற்றிய புத்தகங்கள் நிறைய வருகின்றன. அதில் எதை எடுப்பது, எப்படி வாசிப்பது என்பதில் அதற்குப் பிறகுதான் கவனமானேன். குழந்தை புத்தகத்தை மூடிவிட்டு எதையாவது செய்ய உட்கார்ந்தால் அது நல்ல புத்தகம். என் கணக்கு அவ்வளவுதான்.

வாங்கும் முன் கடைசி இரண்டு பக்கத்தை முதலில் பாருங்கள். பரிசு, மேடை, கைதட்டல் என்று முடிந்தால் கொஞ்சம் யோசியுங்கள், ஏனென்றால் நாலு பேர் பாராட்டினால்தான் அது திறமை என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். கதையில் வரும் பிள்ளை அடுத்த தாளை எடுத்துக்கொண்டு உட்கார்வதோடு முடிந்தால் தைரியமாக வாங்கலாம். அப்புறம் நடுப்பக்கங்கள். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம்தான். தலைப்பு, பதிப்பு விவரமெல்லாம் போக கதைக்குக் கிடைப்பது 12 முதல் 14 விரிபக்கங்கள், அதாவது புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டிரண்டு பக்கங்கள். அதில் 'வரவில்லை, கசக்கிப் போட்டேன், மறுபடி செய்தேன்' என்பதற்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே பக்கத்தில் தடுமாற்றம், அடுத்த பக்கத்தில் அற்புதம் என்றால், தன் முதல் கிறுக்கல் சரியாக வராத குழந்தைக்கு அந்தப் புத்தகத்தில் இடமே இல்லை. கதையில் வரும் பெரியவர் பென்சிலைப் பிடுங்கி வரைந்து காட்டுகிறாரா, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.

ஓவியம் மட்டும் போதாது. பொருட்களை அடுக்குவது, கழற்றிப் பூட்டுவது, குரல் மாற்றிப் பேசுவது, இல்லாத ஊருக்கு வரைபடம் போடுவது என்று பலவிதமான கதைகள் கலந்து இருக்கட்டும்.

சரி, வாசிப்பது எப்படி? முதல் தடவை எந்தக் கேள்வியும் கேட்காமல் கதையை மட்டும் வாசியுங்கள். இரண்டாவது தடவை, பக்கம் திருப்பும் முன் ஒரு மூச்சு நிறுத்துங்கள். படப் புத்தகத்தின் ரகசியமெல்லாம் அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது, குழந்தை தானே அடுத்த பக்கத்தைக் கற்பனை செய்துவிடும். மூன்றாவது தடவை கதையை விட்டுவிட்டுப் படம் எப்படிச் செய்யப்பட்டது என்று தேடுங்கள். இது வெட்டி ஒட்டியதா? இங்கே தூரிகையின் தடம் தெரிகிறதா? நான் பார்த்தவரை குழந்தைகளின் கை பரபரப்பது இந்த இடத்தில்தான்.

படப் புத்தகக் கலைஞர் லியோ லியோனி ரயிலில் பேரக்குழந்தைகளைச் சமாளிக்க ஒரு பத்திரிகைத் தாளைக் கிழித்து, நீலத்துண்டையும் மஞ்சள்துண்டையும் வைத்துக் கதை சொன்னார். 1959இல் அது அவருடைய முதல் படப் புத்தகமாக வந்தது. இன்னொரு படப் புத்தகக் கலைஞரான எரிக் கார்லுக்கு 1969இல் வந்த பசிக்காரக் கம்பளிப்புழு கதை, தாள்களில் துளைபோடும் கருவியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது தோன்றியது. முதலில் புத்தகப்புழுவாக இருந்ததை அவருடைய பதிப்பாசிரியர்தான் கம்பளிப்புழுவாக்கச் சொன்னார். இதையெல்லாம் குழந்தையிடம் சொல்லுங்கள். 'புத்தகம் போடுகிறவரும் தாளைக் கிழித்துத்தான் ஆரம்பித்தார்' என்று கேட்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

குழந்தை எதையாவது செய்து கொண்டு வந்தால் 'சூப்பர், நீ பிறவிக் கலைஞன்' என்று சொல்லாதீர்கள். உளவியலாளர்கள் கிளாடியா மியூல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட, ஒரு தோல்விக்குப் பிறகு சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். எனக்கு அந்தப் பாட்டு விஷயம்தான் நினைவுக்கு வந்தது. 'இது என்ன?' என்ற கேள்வியும் வேண்டாம், பார்த்தும் புரியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். பார்த்ததைச் சொல்லுங்கள்: "இந்த ஓரத்துல மட்டும் ரொம்ப அழுத்தி வரைஞ்சிருக்கியே." மீதியைக் குழந்தையே சொல்லும்.

வாசித்த சூட்டோடு ஒரு குட்டிப் புத்தகம் செய்துவிடுங்கள். ஒரு ஏ4 தாள், ஒரு கத்தரிக்கோல் போதும், பசைகூட வேண்டாம். தாளை மூன்று முறை பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் கிடைக்கும், நீளவாக்கில் நாலு, இரண்டு வரிசை. குறுகிய ஓரங்கள் சேரும்படி ஒருமுறை மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டத்தின் நீளத்துக்கு மட்டும் வெட்டுங்கள். பிரித்தால் நடுவில் ஒரு கீறல் இருக்கும். இப்போது நீளமான ஓரங்கள் சேரும்படி மடித்து, இரு முனைகளையும் நடுவை நோக்கித் தள்ளினால் கீறல் வாயைத் திறக்கும், நன்றாகத் தள்ளி அழுத்தினால் எட்டுப் பக்கப் புத்தகம்.

'என்ன வேணா வரை' என்று வெற்றுத்தாளை நீட்டினால் பல குழந்தைகள் திகைத்துவிடும். சின்னதாக ஒரு கட்டுப்பாடு கொடுங்கள்: ஒரே நிறம்தான், அல்லது கிழித்த தாள் மட்டும்தான். எழுத வராவிட்டால் குழந்தை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், ஒரு சொல்லைக்கூடத் திருத்தாமல்.

முடிந்ததும் அட்டையில் பெயர் போட்டு, மற்றப் புத்தகங்கள் இருக்கும் அதே அடுக்கில் வையுங்கள். இரவு எதை வாசிக்கலாம் என்று கேட்கும்போது இதன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.