எலிஸ்தா போகிறவர்களுக்கு

ரஷ்யாவின் கல்மீக்கியப் புல்வெளியில் இருக்கும் எலிஸ்தாவுக்குப் போனால், 1998 ஒலிம்பியாடுக்காகக் கட்டிய சதுரங்க நகரத்தோடு திரும்பிவிடாதீர்கள். வெயில் ஏறுமுன், தண்ணீர் பாட்டிலோடு 'புறப்பாடும் மீள்வருகையும்' நினைவகத்துக்குக் கிளம்புங்கள். 1943 டிசம்பரில் சோவியத் அரசு நாடுகடத்திய இவ்வூர்க் கல்மீக் மக்களைச் சைபீரியாவுக்கு அள்ளிச்சென்ற ரயிலை நினைவூட்டும் சரக்குப் பெட்டி ஒன்று அருகில் நிற்கிறது. நினைவகமாக நிற்கும், சிற்பி எர்ன்ஸ்ட் நெயிஸ்வெஸ்ட்னியின் வெண்கலச் சிற்பத்தை முழுதாகச் சுற்றிப் பாருங்கள். ஒரே பக்கம் நின்று படமெடுத்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். மாலையில், 2005இல் திறந்த புத்தர் பொற்கோயில். பிரார்த்தனை உருளைகளை வலமாகச் சுற்ற வேண்டும். வெளியே 17 நாலந்தா அறிஞர்களின் சிலைகள். அவர்களில், காஞ்சிப் பக்கத்தவர் என்று சொல்லப்படும் பௌத்தத் தர்க்க அறிஞர் திங்நாகரைத் தேடிப் பிடிப்பது நமக்கென்றே உள்ள வேலை.